சுரூபம் இறக்கப் போன காலை

எஸ்தாக்கி கோயிலுக்குப் பிந்திப் போனதை அந்தக் கரையில் ஒருவரும் கண்டதில்லை. ஆலங்குடாவுக்குத் தெற்கே, கடலுக்கும் தென்னந்தோட்டங்களுக்கும் நடுவே, எழுபது வீடுகள் உள்ள குடியிருப்பு அது. எல்லோரும் கத்தோலிக்கர், எல்லோருக்கும் கடல் தொழில். அங்குள்ள செபஸ்தியார் கோயிலுக்கு எஸ்தாக்கி பதினொரு வருஷமாக மூப்பர். கோயில் கதவின் திறப்பு அவர் இடுப்பில்தான் தொங்கும். பூசைக்கு வரும் பாதருக்குக் கதவு திறப்பது, பாதர் வராத நாட்களில் செபமாலையை முன்னின்று சொல்வது, செத்த வீட்டில் பிரார்த்தனை படிப்பது, திருநாளுக்குக் கொடி ஏற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு.

அவர் செபமாலை சொல்லும் வேகம் ஊரில் பேர்போனது. ஐம்பது மணியும் பிரார்த்தனையும் சேர்த்துப் பதினாறு நிமிஷம். கடலுக்குப் போகிற ஆண்களுக்கும் அடுப்பில் உலை வைத்துவிட்டு வரும் பெண்களுக்கும் அது பிடித்திருந்தது. வாய் தன்பாட்டில் ஓடும். மனம் கிழிந்த வலையிலோ எஞ்சினின் இருமலிலோ நிற்கும். வருஷத்துக்கு இரண்டு தரம் பாவசங்கீர்த்தனம் செய்வார். கோபப்பட்டேன், சின்னப் பொய் சொன்னேன், செபம் சொல்லாமல் நித்திரையானேன். பதினைந்து வயதில் படித்த அதே மூன்று பாவங்களை ஐம்பத்து நான்கு வயதிலும் சொன்னார். அதில் ஏதோ குறை இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியதேயில்லை. அவர் கெட்ட மனுஷன் அல்ல. குடிக்க மாட்டார், மனைவி மெற்றில்டாவுக்குக் கை நீட்ட மாட்டார், கடனுக்கு வலை கேட்டவனை வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்.

தை மாதத்தில் செபஸ்தியார் திருநாள். திருநாள் ஞாயிற்றுக்கிழமை என்றால், முந்தின நாள் சனிக்கிழமை காலையில் பீடத்து மாடத்திலிருந்து செபஸ்தியாரின் சுரூபத்தை இறக்கி, பவனிக் கூட்டில் வைத்துச் சோடிப்பார்கள். பின்னேரம் வேஸ்பர் என்ற மாலை வழிபாடு. ஏணியில் ஏறிச் சுரூபத்தைத் தொட்டு இறக்கும் உரிமை மூப்பருக்கு மட்டும்தான். நேரம் காலை எட்டு மணி. ஊரே கோயிலுக்குள் நின்று பார்க்கும்.

அந்த வருஷம் வெள்ளிக்கிழமை பின்னேரம் எஸ்தாக்கி கடலுக்குப் புறப்பட்டபோது, “நாளைக்குச் சுரூபம் இறக்கிற நாள், இண்டைக்கு நிண்டா என்ன?” என்று மெற்றில்டா கேட்டாள். “விடியக் கரையில நிப்பேன்” என்று சொல்லிவிட்டு அவர் போனார். கூடப் போனவர் மெற்றில்டாவின் அண்ணன் வஸ்தியான். இருவரும் ஒரே போட்டில் இருபது வருஷம்.

விடிந்து ஆறரை இருக்கும். கடலில் போட்ட வலையை வாங்கி ஏற்றிவிட்டு வந்துகொண்டிருந்தார்கள். வஸ்தியான் வலைக்குவியலில் சாய்ந்து நித்திரை. வாடைக்காற்று கரையிலிருந்து கடலை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. எஸ்தாக்கி எஞ்சின் பிடியில் கை வைத்தபடி கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது பக்கம் கூப்பிடு தூரத்துக்குச் சற்று அப்பால் ஒரு போட் குறுக்காகக் கிடந்தது. அதன் எஞ்சின் தண்ணீருக்கு மேலே தூக்கியிருந்தது. ஒருவன் குனிந்து எஞ்சினோடு மல்லுக்கட்டினான். தலையில் தொப்பி போட்ட மற்றவன் நிமிர்ந்து நின்று, செம்மஞ்சள் மழைச்சட்டை ஒன்றை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினான்.

எஸ்தாக்கி வேகத்தைக் குறைத்தார்.

அந்த நேரத்தில் மனதுக்குள் ஓடியதைப் பிறகு அவர் நூறு தரம் திருப்பிப் பார்த்திருக்கிறார். கட்டி இழுத்தால் காற்றுக்கு எதிராகக் கரை சேர ஒன்பதரை, பத்தாகிவிடும். சுரூபத்தை வேறு யாராவது இறக்குவார்கள். பதினொரு வருஷத்தில் முதல் தரம். பின்னால் வேறு போட்டுகள் வரும், அவர்கள் இழுப்பார்கள். இறங்கியவுடன் கரையில் சொல்லிவிடலாம். அன்று மற்றப் போட்டுகள் எல்லாம் வடக்கே கற்பிட்டிப் பக்கம் போயிருந்தன. அது அவருக்குத் தெரியும். ஆட்கள் யாரென்று தெரியவில்லை என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். அதுவும் பொய். பச்சை நிறப் போட், மஞ்சள் கோடு. ஆலங்குடா றுமைஸின் போட். கூட நிற்பது அவனுடைய கூட்டாளி ஹுனைஸாகத்தான் இருக்கும். இரண்டு பேரும் தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகள். இரண்டு பேரும் அவர் கண்முன்னே தொழில் பழகியவர்கள்.

எஞ்சின் சத்தம் குறைந்ததில் வஸ்தியான் அரைக்கண் திறந்தார்.

“என்ன மச்சான்?”

“ஒண்டுமில்ல. படுங்க.”

வஸ்தியான் மறுபடி கண்ணை மூடினார். எஸ்தாக்கி எஞ்சினை முறுக்கினார். திரும்பிப் பார்க்கவில்லை.

கரையில் இறங்கியபோது கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. “மூப்பர் வந்துட்டார், மூப்பர் வந்துட்டார்” என்று கூப்பிட்டார்கள். சொல்ல வேண்டும் என்ற நினைப்பு நெஞ்சில் இருந்தது. முதலில் குளிப்பு, பிறகு வெள்ளைச் சட்டை, பிறகு ஏணி. எட்டு மணிக்குச் சுரூபம் அவர் கையில் இறங்கியது. பெண்கள் பாட்டு எடுத்தார்கள். அதற்குப் பிறகு பூச்சோடனை, ஒலிபெருக்கி, பாதருக்குச் சாப்பாடு. மத்தியானம் அவருக்கு அந்தப் போட் நினைவு வந்தது. இந்நேரம் யாராவது இழுத்து வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

பின்னேரம் நாலரைக்குக் கோயில் கேற்றடியில் மூன்று முஸ்லிம் ஆண்கள் வந்து நின்றார்கள். முன்னால் நின்றவர் ஹுனைஸின் வாப்பா அத்தாஉல்லா. அறுபத்தைந்து வயது, மெலிந்த உடம்பு. கோயில் விசேஷத்துக்கு நடுவே வந்துவிட்டோமே என்ற கூச்சத்தில் கேற்றுக்கு வெளியிலேயே நின்றார். எஸ்தாக்கி வெள்ளைச் சட்டையோடு போனார்.

“தம்பி, பெருநாளுக்குள்ள வந்து கரச்சல் தாறோம், கோவிக்காதீங்க. எங்கட ஹுனைஸும் றுமைஸும் இன்னும் வரல்ல. போனும் வேல செய்யுதில்ல. நீங்க ராத்திரி கடல்ல நிண்டதாச் சொன்னாங்க. எங்கயாச்சும் கண்டீங்களா?”

எஸ்தாக்கியின் பின்னால் கோயில் வாசலில் ஊர் நின்றது. பாதர் நின்றார். சோடித்த கூடு நின்றது.

“இல்ல நானா” என்றார், அண்ணன் முறை வைத்து. “நாங்க வேளைக்கே வந்துட்டோம்.”

அத்தாஉல்லாவின் முகம் விழுந்தது. அதைப் பார்க்க முடியாமல் எஸ்தாக்கி அவசரமாக இன்னொன்றைச் சொன்னார். “பயப்படாதீங்க நானா. இண்டைக்கு வேஸ்பர்ல அவங்களுக்காகச் செபம் வைக்கிறோம்.”

“அல்லாஹ் ஒங்களுக்கு ரஹ்மத் செய்வான்” என்று அந்த மனுஷன் அவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அன்று வேஸ்பரில், காணாமற்போன இரண்டு சகோதரர்களுக்காகவும் செபமாலை ஒப்புக்கொடுப்போம் என்று பாதர் அறிவித்தார். எஸ்தாக்கி முழங்காலில் நின்று தொடங்கினார். முதற் பத்து வழக்கம்போல ஓடியது. இரண்டாவது பத்தில், பாவிகளாகிய எங்களுக்காக என்று வரும் இடத்தில், நாக்கு நின்றுவிட்டது. இத்தனை வருஷமாக எத்தனை ஆயிரம் தரம் சொல்லியிருப்பார்! பாவி என்ற அந்தச் சொல்லுக்கு ஓர் ஆள் இருக்கிறான் என்று அவருக்குத் தெரியாது. சனம் காத்திருந்தது. யாரோ ஒரு பெண் பின்னாலிருந்து தொடர்ந்து சொன்னாள். தொண்டை கட்டிவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். எஸ்தாக்கி கண்ணை மூடினால் செம்மஞ்சள் துணி. திறந்தால் சுரூபம்.

அப்போதுகூட அவர் எழுந்து போய்ச் சொல்லவில்லை. மறுநாள் திருநாள் பூசை முடிந்த பிறகு, மீனவர் சங்கக் காரியதரிசியைத் தனியாகக் கூப்பிட்டு, “நேற்று விடிய மேற்கால தூரத்தில ஒரு போட் மாதிரி ஏதோ தெரிஞ்சது. வலை வாங்கிறாங்க எண்டு நினைச்சேன்” என்றார். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் அளவுக்கு உண்மை. அதற்குள் முப்பது மணித்தியாலம் கழிந்திருந்தது. கடற்படைக்கு அந்தத் திசையை அறிவித்தார்கள், இரு ஊர்ப் போட்டுகளும் போயின. எஸ்தாக்கியும் போனார். கண்ணெரிய மூன்று நாள் தேடினார். வாடை அவர்களை எங்கோ கொண்டுபோயிருந்தது.

வியாழக்கிழமை ஆழ்கடல் போட் ஒன்று றுமைஸை உயிரோடு கொண்டுவந்து சேர்த்தது. போட்டில் அவன் மட்டும்தான் இருந்தான். தண்ணீர் முடிந்து, இரண்டு நாள் உப்புத் தண்ணீர் குடித்து, புதன்கிழமை நடுப்பகலில் “அந்தா கரை தெரியுது” என்று சொல்லி ஹுனைஸ் கடலுக்குள் இறங்கிவிட்டான். பிடித்து இழுக்க றுமைஸின் கையில் பெலன் இருக்கவில்லை. ஹுனைஸுக்கு வயது இருபத்தொன்பது. மனைவி பெயர் சித்தி லெய்லா, நாலு வயதில் நஸ்லியா என்று ஒரு மகள்.

அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து எஸ்தாக்கிக்குச் சோறு இறங்கவில்லை. தொண்டை சரியில்லை என்று சொல்லிச் செபமாலையை வேறொருவரிடம் கொடுத்தார். கோயிலுக்கு மட்டும் போனார், முன்னையைவிட அதிகமாகப் போனார். முதலில் அது பயத்தில் போனது. விழுந்து விழுந்து செபம் சொன்னால் கணக்குத் தீரும் என்று நினைத்தார். ஒரு நாளைக்கு மூன்று செபமாலை, வெள்ளிக்கிழமைகளில் ஒரு நேரம் மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி, தலவில அன்னம்மாள் கோயிலுக்கு வெறுங்காலில் நடை. ஒன்றும் ஒட்டவில்லை. வாய் சொல்லச் சொல்ல, உள்ளே ஓர் ஆள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டு நிற்பது போல இருந்தது.

தவக்காலம் தொடங்கிப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். முழங்காலில் நின்றவுடன் வாய் பழக்கத்தில் தொடங்கிவிட்டது. கோபப்பட்டேன், சின்னப் பொய் சொன்னேன். மூன்றையும் சொல்லி முடித்து, பாதர் மன்னிப்புச் சொல்லத் தொடங்கும் முன் எழுந்து வெளியே வந்துவிட்டார். மறுகிழமை மறுபடி போனார். இந்தத் தரம் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினார்.

பாதர் சிலாபத்துப் பக்கத்து இளைஞர். சிங்களம் கலந்த தமிழ்.

“அவங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

“இல்ல பாதர்.”

“ஆண்டவர் மன்னிப்பார். அத நான் சொல்லலாம், சொல்றேன். ஆனா அந்த வீட்டு வாசல்ல சொல்ல வேண்டியத இங்க சொல்லிட்டு முடிஞ்சுது எண்டு போறீங்களோ எண்டு எனக்குப் பயமா இருக்கு, அங்கிள்.”

எஸ்தாக்கி நினைத்து வந்தது அதைத்தான்.

நோன்பு மாதமும் தவக்காலமும் அந்த வருஷம் ஒன்றாக வந்தன. ஒரு பின்னேரம் அத்தாஉல்லா ஒரு வாளியில் நோன்புக் கஞ்சி அனுப்பியிருந்தார். எங்கட பிள்ளைக்காகக் கோயிலில் துஆக் கேட்ட வீடு என்று சொல்லி அனுப்பினாராம். மெற்றில்டா கோப்பையில் ஊற்றி அவர் முன்னால் வைத்தாள். இஞ்சியும் தேங்காய்ப்பாலும் மணத்தன. எஸ்தாக்கி கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கதிரையிலிருந்து இறங்கிச் சீமெந்து நிலத்தில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் மனைவிக்குச் சொன்னார்.

மெற்றில்டா ஒன்று மட்டும் கேட்டாள். “கண்டதுக்குப் பிறகும் அந்த வாயால எப்பிடிச் செபம் சொன்னீங்க?”

அவர் எப்போதும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார் என்பதுதான் உண்மை.

பெரிய வெள்ளிக்கிழமை சிலுவையை முத்தி செய்ய வரிசை நகர்ந்தபோது, அவர் பாதி வழியில் விலகி வெளியே வந்தார். பகல் மூன்று மணி வெயில். கரையில் போட்டுகள் மணலில் ஏறிக் கிடந்தன. தன் போட்டின் நிழலில் போய் உட்கார்ந்தார். செபமாலை சட்டைப் பையில் இருந்தது, அதை எடுக்கவில்லை. படித்த செபம் ஒன்றும் வாயில் வரவில்லை. “ஆண்டவரே, நான் கண்டேன்” என்றார். சத்தமாகச் சொன்னார். “கண்டுட்டுத்தான் போனேன். உம்மட்ட வரத்தான் போனேன் எண்டு நினைச்சேன். உம்மட்ட வரல்ல. நாலு பேர் என்னைப் பாக்கப் போனேன்.” அதற்கு மேல் அழுகை. யாரோ தன்னைக் கேட்கிறார்கள் என்று ஐம்பத்து நான்கு வருஷத்தில் முதல் தரம் அவருக்குத் தோன்றியது. அது ஆறுதலாக இல்லை. கேட்கிற ஆளிடம் இனி ஒளிக்க முடியாதே என்ற பயம்தான் வந்தது.

உயிர்த்த ஞாயிறு கழிந்த கிழமை அவர் றுமைஸைப் பார்க்கப் போனார். றுமைஸ் வீட்டு முற்றத்தில் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தான். உப்பு அரித்த கால்களில் இன்னும் வடுக்கள். எஸ்தாக்கி நின்றபடியே சொல்லத் தொடங்கினார். இரண்டு வசனம் சொல்லுமுன் அவன் கையைத் தூக்கி நிறுத்தினான்.

“எனக்குத் தெரியும்.”

எஸ்தாக்கி தலை நிமிர்ந்தார்.

“ஒங்கட போட் எனக்குத் தெரியாதா? மூக்குல வெள்ளச் சிலுவ. நீங்க எஞ்சினக் கொறச்சதும் தெரியும், பொறகு கூட்டினதும் தெரியும். ஹுனைஸ்தான் சொன்னான், ‘எஸ்தாக்கி அண்ணன்தான் போறாரு. இண்டைக்கு அவங்கட பெருநாள். மீன எறக்கிட்டு ஆள் கூட்டிக்கிட்டு வருவாரு’ எண்டு. பின்னேரம் வரைக்கும் சொல்லிட்டே இருந்தான்.”

வேலியோரத்தில் ஒரு கோழி கிண்டிக்கொண்டிருந்தது. எஸ்தாக்கி அதையே பார்த்தார்.

“ஏன் தம்பி ஒருத்தருக்கும் சொல்லல்ல?”

“ஒங்களுக்காக எண்டு நெனக்காதீங்க.” றுமைஸின் குரல் கடினமானது. “கோயில்கள்ல வெடிச்ச அந்த ஈஸ்டர் குண்டுக்குப் பொறகு நாங்க பட்டது எங்களுக்குத் தெரியும். எங்கட கடையில சாமான் வாங்காமப் போன ஒங்கட ஆக்கள் இப்பதான் ஒரு மாதிரியா முகம் பாத்துக் கதைக்கிறாங்க. கிறிஸ்தவன் ஒருத்தன் முஸ்லிமச் சாக விட்டுட்டுப் போனான் எண்டு நான் வாயத் தொறந்தா, இந்தக் கரையில என்ன நடக்கும்? எங்கட பொடியன்மார் சும்மா இருப்பாங்களா? ஹுனைஸ் திரும்பி வருவானா?”

“நான் ஹுனைஸ்ட பெஞ்சாதிக்குச் சொல்லணும்.”

“சொல்லத்தான் வேணும். ஆனா அவ இப்ப இத்தாவுல இருக்கா.”

கணவன் மௌத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் பெண் வீட்டுக்குள் இருக்க வேண்டும், அந்நிய ஆண்களைப் பார்க்கலாகாது. அது எஸ்தாக்கிக்குத் தெரியும்.

“அது முடியட்டும். நானே சொல்லி அனுப்புறேன். அதுக்கு முந்தி அவட மாமா, ஹுனைஸ்ட வாப்பாவுக்கும் வேற ஆருக்கும் சொல்லாதீங்க. மொதல்ல அவ கேக்கணும்” என்று றுமைஸ் எழுந்து வீட்டுக்குள் போய்விட்டான்.

இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. அதை எஸ்தாக்கி எப்படிக் கழித்தார் என்று மெற்றில்டாவுக்குத்தான் தெரியும். கரையில் அத்தாஉல்லா எதிர்ப்பட்டுச் சுகம் விசாரிக்கும்போதெல்லாம் அவர் போட்டில் வேலை இருக்கிறதென்று சொல்லி விலகினார். வேதாகமத்தைக் கோயிலில் மட்டும் கையால் தொட்டவர், இப்போது வீட்டில் நின்று நின்று படித்தார். அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு விலகிப் போன குருவின் கதை எத்தனையோ தரம் அவரே கோயிலில் வாசித்தது. அந்தக் குரு எங்கே அவசரமாகப் போனான் என்று அவர் யோசித்ததேயில்லை. இப்போது தெரிந்தது. செபம் குறைந்தது. ஒரு மணியைப் பிடித்துக்கொண்டு கால் மணித்தியாலம் இருப்பார். பூசையில் பாதருக்கு முன்னால் நிற்கும்போது, தான் சொல்கிற ஒவ்வொரு ஆமெனுக்கும் பயந்தார்.

ஆனி மாதம் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கத் தொடங்கி, ஒருவரும் கடலுக்குப் போகாதிருந்த நாளில் றுமைஸ் சொல்லி அனுப்பினான். எஸ்தாக்கி மெற்றில்டாவையும் கூட்டிக்கொண்டு போனார். ஹுனைஸின் வீட்டில் சித்தி லெய்லா முன்னறையில் இருந்தாள். இருபத்தேழு வயது. மடியில் பிள்ளை. றுமைஸ் கதவடியில் நின்றான். எஸ்தாக்கி ஒன்றையும் குறைக்காமல், கூட்டாமல் சொன்னார். கோயில் கேற்றடியில் சொன்ன பொய்யையும் சொன்னார்.

லெய்லா முதலில் கேட்டது அவர் எதிர்பார்க்காதது.

“கைய ஆட்டினது அவரா?”

“தொப்பி போட்ட ஆள்.”

“அது றுமைஸ் நானா. அவரு என்ன செஞ்சிட்டிருந்தாரு?”

“குனிஞ்சு எஞ்சின் பாத்துக்கிட்டு இருந்தாரு.”

“ஒங்களப் பாத்து நிமிந்தாரா?”

“தெரியாது புள்ள. நான் திரும்பிப் பாக்கல்ல.”

அவள் தலையை மெல்ல ஆட்டினாள். பிள்ளையின் தலைமுடியைக் கையால் ஒதுக்கினாள். “மாப்புக் கேக்க வந்தீங்களா?”

“கேக்கத் துணிவில்ல. சொல்லத்தான் வந்தேன்.”

“கேக்காதீங்க. இப்ப நான் தந்தாலும் அது பொய்யாப் போகும். பொய் எனக்கு வேணாம்.”

உள்ளறைத் திரை விலகியது. அத்தாஉல்லா நின்றார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது. எஸ்தாக்கி எழுந்தார். கிழவர் அடிப்பார் என்று நினைத்தார், அடித்தால் நல்லது என்றும் நினைத்தார். அத்தாஉல்லா தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். அன்று கேற்றடியில் எஸ்தாக்கியைப் பிடித்த கைகள். “இனி எனக்கு முன்னால வராதீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரையை இழுத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்தவுடன் எஸ்தாக்கி சனத்துக்கு முன்னால் வந்து நின்றார். பாதர் முதல் நாளே தடுத்துப் பார்த்திருந்தார், ஊர் கொதிக்கும் என்று. “அந்த வீடு அறிஞ்சிட்டு பாதர். இனி நம்மட ஆக்கள் என்னை நல்லவன் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கக் கூடாது” என்று அவர் சொல்லியிருந்தார். ஐந்து நிமிஷத்தில் சொல்லி முடித்தார். திறப்பைப் பீடத்துப் படியில் வைத்தார்.

ஊர் கொதித்தது, ஆனால் பாதர் பயந்த விதமாக அல்ல. செய்த காரியத்தைவிட, அதை வெளியில் சொன்னதுதான் பலருக்குக் கோபம். கோயில் மானம் போச்சு என்றார்கள். வஸ்தியான் எஸ்தாக்கியின் வாசலுக்கே வந்து கத்தினார். “என்னையும் சேத்தல்லடா நாறடிச்சுட்டாய்! இருபது வருஷம் ஒண்டா ஓடினோம். ஒண்டுமில்ல, படுங்க எண்டு சொன்னியே, அப்ப என்னை எழுப்பியிருந்தா நான் திருப்பச் சொல்லியிருப்பேனே!” கத்திக்கொண்டு வந்தவர் கடைசி வசனத்தில் அழுதுவிட்டார். அதற்குப் பிறகு அவர் எஸ்தாக்கியோடு கடலுக்குப் போகவில்லை. ஆலங்குடாப் பக்கத்தில் சில இளைஞர்கள் கொதித்ததையும், அத்தாஉல்லா பள்ளிவாசலுக்கு வெளியே அவர்களை மறித்து இரண்டு வார்த்தை சொன்னதையும் எஸ்தாக்கி பிறகுதான் கேள்விப்பட்டார். என்ன சொன்னார் என்பதை ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை.

புரட்டாதியில் றுமைஸ் வந்தான். உடல் கிடைக்காததால் ஹுனைஸின் மரணப் பதிவு இழுபட்டுக்கொண்டிருந்தது. பிள்ளையின் காரியங்களுக்கு அத்தாட்சிப் பத்திரம் வேண்டும். கடைசியாகப் போட்டைக் கண்டவர்களின் வாக்குமூலம் கேட்கிறார்கள். “லெய்லா கேக்கச் சொன்னா. வருவீங்களா?”

புத்தளத்தில் பதிவுக் கந்தோரின் நீள வாங்கில் ஒரு முனையில் லெய்லாவும் பிள்ளையும், நடுவில் றுமைஸ், மறு முனையில் எஸ்தாக்கி. அலுவலர் சிங்களத்தில் கேட்டு எழுதினார். பெயர், வயது, தொழில். மதம் என்று கேட்டபோது எஸ்தாக்கி உடனே சொல்லவில்லை. அலுவலர் நிமிர்ந்து பார்த்தார். “கத்தோலிக்கம்” என்றார் எஸ்தாக்கி, ஏதோ முதல் தரம் சொல்வது போல.

“கண்டீர். ஏன் நிற்கவில்லை?”

“கோயில்ல சுரூபம் இறக்க நேரமாயிட்டு.”

அலுவலரின் பேனை ஒரு கணம் நின்றது. பிறகு எழுதினார். எழுதியதை வாசித்துக் காட்டினார். தன் பாவத்தை வேறொரு மொழியில், வேறொருவர் வாயிலிருந்து, கூட்டாமல் குறைக்காமல் கேட்டபடி எஸ்தாக்கி இருந்தார். கையொப்பம் வைத்தார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது லெய்லா முதல் தரமாகத் தானாகக் கதைத்தாள்.

“அந்தச் சுரூபம் பாரமா?”

“இல்ல புள்ள. மரம். ஒரு ஆள் தூக்கலாம்.”

பஸ் வந்ததும் லெய்லா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். எஸ்தாக்கி அடுத்த பஸ்ஸில் போனார்.

பத்திரம் கிடைத்துவிட்டதென்று பின்னால் கேள்விப்பட்டார். அத்தாஉல்லா அவரோடு கதைப்பதில்லை. கரையில் எதிர்ப்பட்டால் எஸ்தாக்கிதான் விலகி வழி விடுவார். இப்போது கோயிலுக்கு வேறு மூப்பர். எஸ்தாக்கி கடைசி வாங்கில், மெற்றில்டாவுக்குப் பக்கத்தில் இருப்பார். தனியாக ஆழமில்லாத களப்பு ஏரிக்குப் போய்ச் சின்ன வலை போடுகிறார். புறப்படுமுன் போட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். அது செபம் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. ஹுனைஸின் பெயரைச் சொல்வார். லெய்லா, நஸ்லியா, அத்தாஉல்லா, றுமைஸ், வஸ்தியான். ஒவ்வொரு பெயருக்கும் அந்த முகம் வரும்வரை அடுத்த பெயருக்குப் போக மாட்டார். அதற்கே சில நாட்களில் அரை மணித்தியாலம் எடுக்கும். மன்னிப்புக் கேட்கும் வார்த்தை மட்டும் இன்னும் அவர் வாயில் முழுதாக வரவில்லை. அது வராத நாட்களிலும், கேட்கிற ஆள் எழுந்து போய்விடவில்லை என்று அவருக்குத் தெரியும். பிறகு போட்டைத் தள்ளும் தண்டை எடுத்துத் தண்ணீரில் ஊன்றுவார்.